காமெடிப் படங்களில் ஒரே ஆள் எழுதி, இயக்கி, நடிப்பது ஏன் சகஜமாக இருக்கிறது?

சிரிப்பு பெரும்பாலும் தாளில் இருப்பதில்லை, அதனால்தான். வசனத்தை அரை நொடி தள்ளிச் சொன்னால் ஜோக் செத்துப்போகும். அந்த அரை நொடி எழுத்தா, நடிப்பா, எடிட்டிங்கா என்று பிரிப்பது கஷ்டம்.

சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்' (1931) எடுத்துக்கொள்ளுங்கள். பூ விற்கும் பார்வையற்ற பெண், சாப்ளின் நடிக்கும் நாடோடியைப் பணக்காரன் என்று நம்ப வேண்டும். எப்படி? அதுவோ வசனம் பேசாத படம். போலீஸ்காரரைத் தவிர்க்க, நின்றிருக்கும் காருக்குள் ஏறி மறுபக்கம் இறங்குகிறான். கதவு சாத்தும் ஓசை அவள் காதில் விழுகிறது. பூ வாங்கியபின் வேறு யாரோ அந்தக் காரில் ஏறிப் போக, இவன்தான் சில்லறைகூட வாங்காமல் போய்விட்டான் என்று நினைக்கிறாள். இவன் பூனை மாதிரி நழுவுகிறான். கதை முடிச்சு, கேமரா கோணம், அந்தப் பூனை நடை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கின்றன. இந்தக் காட்சிக்கு 300-க்கும் மேற்பட்ட டேக் போனது. நடித்துப் பார்த்தே எழுதினார் என்றுதான் சொல்ல வேண்டும். சொந்த ஸ்டுடியோ இருந்ததால் முடிந்தது. வேறு தயாரிப்பாளராக இருந்தால் பத்தாவது டேக்கிலேயே தலையில் கைவைத்திருப்பார்!

நம்மூரில் பாக்யராஜ் இதே வகை. 'இன்று போய் நாளை வா' (1981) படத்தில் அவரது அசட்டு முழியை வேறொருவருக்கு எழுதிக் கொடுத்திருக்க முடியாது.

சிக்கலும் உண்டு: நடிக்கும்போது தன்னைத் தானே பார்க்க முடியாது. சாப்ளின் எடுத்ததைப் போட்டுப் பார்த்துத்தான் திருத்தினார். இன்று அந்த வேலையை மானிட்டரும், முகத்துக்கு நேரே 'சிரிப்பு வரல சார்' என்று சொல்லும் உதவி இயக்குநரும் செய்கிறார்கள்.