எம்.எஸ்சி. வேதியியலுக்குப் பிறகு: பி.எட்.டா, காப்புரிமை அலுவலகமா?

அன்புள்ள ஐயா,

எம்.எஸ்சி. வேதியியல் முடித்த மகளை பி.எட். சேர்ப்பதா, வங்கித் தேர்வுப் பயிற்சிக்குப் பணம் கட்டுவதா என்று கேட்டிருக்கிறீர்கள். கடிதத்தின் கடைசியில், "பாடம் அவளுக்கு உயிர், ஆனால் ஆய்வகத்தில் நிற்கப் பிடிக்காது" என்று போகிற போக்கில் ஒரு வரி. எனக்கு வேண்டியிருந்தது அந்த வரிதான்.

மத்திய அரசில் தொழில் மற்றும் உள்நாட்டு வர்த்தக மேம்பாட்டுத் துறை என்று ஒன்று உண்டு. ஸ்டார்ட்அப் இந்தியா, அந்நிய நேரடி முதலீட்டுக் கொள்கை என்று செய்தித்தாளில் அடிபடுபவை அதன் பொறுப்பு. அவற்றை விடுங்கள். காப்புரிமை (பேட்டன்ட்) அலுவலகமும் இதே துறையின் கீழ்தான் வருகிறது. கொல்கத்தா, டெல்லி, மும்பை, சென்னை என நான்கு ஊர்களில் இயங்குகிறது. சென்னையில் கிண்டி. (நாடு முழுவதற்குமான புவிசார் குறியீட்டுப் பதிவகமும் அங்கேதான், மணப்பாறை முறுக்குக்குக் குறியீடு கிடைத்ததும் அங்கிருந்துதான்.)

அங்கே காப்புரிமை ஆய்வாளர் என்ற பதவி இருக்கிறது. ஒரு நிறுவனம் புதிய மருந்துக்கு உரிமை கேட்டு விண்ணப்பிக்கிறது என்று வையுங்கள். அது உண்மையிலேயே புதியதா, முன்பே எங்காவது வெளிவந்ததா என்று பழைய காப்புரிமைகளையும் ஆய்விதழ்களையும் தேடிப் படித்து ஆய்வாளர் அறிக்கை எழுத வேண்டும். அதைப் பார்த்து முடிவெடுப்பவர் கட்டுப்பாட்டாளர் என்ற மேலதிகாரி. ரத்தப் புற்றுநோய்க்கான கிளீவெக் மருந்தின் கதையைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதன் மருந்துப் பொருளான இமாட்டினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் 1998-இல் விண்ணப்பித்தது சென்னை அலுவலகத்தில்தான். 2006-இல் நிராகரித்ததும் அதே அலுவலகம். தெரிந்த பொருளின் புது வடிவம் என்றால் குணப்படுத்தும் திறனும் கூடியிருக்க வேண்டும் என்கிறது காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் அந்த மருந்துக்குக் காப்புரிமை இல்லை என்றே தீர்ப்பளித்தது. படிக வடிவங்களைப் பற்றி உங்கள் மகள் படித்த பாடம் அங்கே இப்படித்தான் வேலைக்கு வருகிறது. குடுவையைத் தொடவே வேண்டாம்.

2023-இல் 553 ஆய்வாளர் இடங்களுக்குத் தேர்வு நடந்தது. முதல்நிலை, முதன்மை, நேர்காணல் என மூன்று கட்டம். வேதியியல் பிரிவுக்கு முதுநிலைப் பட்டம் வேண்டும். வயது 21 முதல் 35 வரை. குரூப் 'ஏ' கெஜட்டட் பதவி, அடிப்படைச் சம்பளம் 56,100 ரூபாய், படிகள் தனி. வீட்டுக்குப் பக்கத்தில் கிண்டியே கிடைக்கும் என்று மட்டும் கணக்குப் போடாதீர்கள். நான்கு ஊர்களில் எங்கு வேண்டுமானாலும் போடலாம். டெல்லி என்றால் அனுப்புவீர்களா என்பதை நீங்களும் உங்கள் மனைவியும் இப்போதே பேசி முடித்துவிடுங்கள். வேலை கிடைத்த பிறகு அழுது தடுப்பது பெண்ணுக்குச் செய்யும் அநியாயம்.

இன்னொரு சங்கடமும் உண்டு. இந்தத் தேர்வு ஆண்டுதோறும் வருவதில்லை. அறிவிப்புக்காக வீட்டில் உட்கார வைக்காதீர்கள். சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வுக்கு அவள் தயாராகட்டும். உதவித்தொகையோடு ஆராய்ச்சிக்குப் போக மனமில்லாவிட்டாலும், உதவிப் பேராசிரியர் தகுதி கையில் இருக்கும். அதற்குப் படிக்கும் வேதியியலே ஆய்வாளர் தேர்வுக்கும் உதவும். விண்ணப்பதாரர்களுக்காகக் காப்புரிமை அலுவலகத்தில் வாதாடும் காப்புரிமை முகவர் ஆவதற்கான தேர்வையும் எழுதலாம். 21 வயது நிரம்பிய அறிவியல் பட்டதாரி போதும். இரண்டு தாள், பிறகு வாய்மொழித் தேர்வு; இரண்டு தாள்களிலும் தலா 50, மொத்தத்தில் 60 விழுக்காடு எடுக்க வேண்டும். தேறியவர்களுக்குச் சட்ட நிறுவனங்களிலும் மருந்து நிறுவனங்களிலும் தேவை இருக்கிறது.

பயிற்சி மையத்துக்கு இப்போதைக்குப் பணம் கட்டாதீர்கள். காப்புரிமை அலுவலக இணையதளத்தில் விண்ணப்பங்களும் அவற்றுக்கு எழுதப்பட்ட ஆய்வறிக்கைகளும் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு மருந்து விண்ணப்பத்தை எடுத்து, அதன் அறிக்கையோடு சேர்த்துப் படிக்கச் சொல்லுங்கள். ஆய்வாளர் எடுத்த ஆட்சேபணையோடு அவள் சண்டைக்குப் போனாள் என்றால் எனக்கு எழுதுங்கள், பாடத்திட்டம் அனுப்புகிறேன். பத்தாவது பக்கத்தில் கொட்டாவி விட்டால், பி.எட். விண்ணப்பம் வாங்கிவிடுங்கள்.