பிள்ளையின் நித்திரை: உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

கச்சான் காற்று தொடங்கினாலே திருகோணமலையில் பிள்ளைகள் இரவில் படுக்க மாட்டார்கள். இம்முறை வந்த கேள்விகளில் முக்கால்வாசி நித்திரை பற்றியவை. குழந்தைகள் வாட்டில் நீண்ட காலம் நேர்ஸாக வேலை செய்தவள் என்ற முறையில் சொல்கிறேன்.

மகளுக்கு மூன்று மாதம். இரவு முழுக்க முனகுகிறாள், கைகாலை உதறுகிறாள். ஒவ்வொரு தடவையும் தூக்கிப் பால் கொடுக்கிறேன். வயிற்றுக் குத்தாக இருக்குமா? (உப்புவெளி)

அநேகமாக அவள் நித்திரையில்தான் இருக்கிறாள், தங்கச்சி. கைக்குழந்தையின் நித்திரையில் ஏறத்தாழப் பாதி இப்படித்தான் போகும். மூடிய இமைக்குள் கண் ஓடும், வாய் சப்பும், முகம் சுளிக்கும், மூச்சு கொஞ்ச நேரம் வேகமாகவும் கொஞ்ச நேரம் மெதுவாகவும் வரும். ஐம்பது, அறுபது நிமிடத்துக்கு ஒரு தடவை அரைகுறையாக விழித்து, திரும்பவும் தானாகவே படுத்துவிடும். அந்த நேரம் பார்த்து நீங்கள் தூக்குகிறீர்கள். அதனால்தான் அவள் முழுதாக எழும்புகிறாள்.

அடுத்த முறை முனகினால் தூக்காமல் நெஞ்சில் மெல்லக் கையை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடம் பாருங்கள். அது அழுகையாக மாறினால் பசியா, நனைத்திருக்கிறாளா, கழுத்தடி வேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாமல் விடாமல் வீரிட்டு அழுதால் உடுப்பைக் கழற்றி, கால் விரல்களை ஒவ்வொன்றாக விரித்துப் பாருங்கள். ஒரு தடவை வாட்டுக்கு வந்த பிள்ளை எதற்கும் அடங்கவில்லை. காலுறையைக் கழற்றினால் சின்ன விரல் சிவந்து வீங்கி நின்றது. அம்மாவின் தலைமயிர் ஒன்று நூல் கட்டியதுபோல் அதை இறுக்கியிருந்தது. பிள்ளை பெற்ற சில மாதங்களில் தாய்க்கு முடி கொட்டும் அல்லவா, அப்படி விழுந்த ஒற்றை மயிர்தான்.

நெஞ்சுக்கூடு உள்ளே இழுக்க மூச்சு விட்டால், உதடு நீலமானால், பால் குடிக்க மறுத்தால், மூன்று மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் வந்தால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். 1990க்கு எடுங்கள், அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

என் பிள்ளைகள் எல்லோரும் ஏணையில் வளர்ந்தவர்கள். மருமகள் பேரனைத் தொட்டிலில்தான் போடுவேன் என்கிறாள். அவன் அதில் உருண்டு உருண்டு அழுகிறான். ஏணையில் என்ன குறை? (திருகோணமலை நகரம்)

அம்மா, நானும் ஏணையில் ஆடி வளர்ந்தவள்தான். பழைய நூல் சேலையின் வாசமும் வளையில் கயிறு உரசும் சத்தமும் இன்னும் நினைவில் இருக்கின்றன. ஆனாலும் இந்த விசயத்தில் மருமகள் பக்கம்தான் நிற்பேன்.

ஏணைத்துணி நடுவில் தொய்யும். பிள்ளை அதில் குடங்கிப் படுக்கும்போது நாடி நெஞ்சில் போய் முட்டும். சின்னப் பிள்ளையின் மூச்சுக்குழாய் மெல்லியது, அந்த மடிப்பிலேயே காற்று அடைபடலாம். தலையை நிமிர்த்தக் கழுத்தில் பலமும் இல்லை. துணி முகத்தைப் பொத்தினாலும் விலக்கத் தெரியாது. நாலு மாதம் கடந்து திரும்பத் தொடங்கினால் விழுகிற பயம் வேறு. பகலில் நீங்கள் பக்கத்தில் முழித்திருந்து கொஞ்சம் ஆட்டினால் சரி, கண்ணயர்ந்ததும் தொட்டிலுக்கு மாற்றிவிடுங்கள். இரவில் வேண்டவே வேண்டாம். மூத்த பிள்ளை இருந்தால், வெறும் ஏணையை அவிழ்த்து எடுத்து வையுங்கள், விளையாட்டில் கழுத்தில் சுற்றிக்கொள்ளும்.

தொட்டிலுக்குப் பழகச் சில நாள் எடுக்கும். உங்கள் தாலாட்டையும் தட்டிக்கொடுக்கும் கையையும் தொட்டிலடிக்குக் கொண்டுபோங்கள். அவன் கேட்டு அழுவது அதற்காகத்தான்.

ஐந்து மாதப் பையன் பால் கக்குகிறான். மல்லாக்கப் படுத்தால் புரையேறாதா? குப்புறத் திரும்பிவிடுகிறான், என்ன செய்வது? (மூதூர்)

மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கும். கக்கிய பால் கீழ்க்குழாய்க்குத்தான் திரும்பிப் போகும். குப்புறப் படுத்தால்தான் அது மூச்சுக்குழாய் வாசலுக்கு வரும். மல்லாக்கக் கிடத்துங்கள் என்று அமெரிக்காவில் 1994இல் பிரசாரம் தொடங்கிய பிறகு, நித்திரையில் திடீரென இறந்த குழந்தைகளின் தொகை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. ஒரு வயது வரை, பகலோ இரவோ, மல்லாக்கவே கிடத்துங்கள். இரண்டு பக்கமும் தானாகத் திரும்பத் தெரிந்தவன் என்றால் பிறகு அவன் திரும்பியபடியே படுக்கட்டும், நீங்கள் முழித்திருந்து புரட்ட வேண்டியதில்லை. ஆனால் துணியால் சுற்றிக் கட்டுவதை உடனே நிறுத்துங்கள்.

தொட்டில் கம்பிக்குள் மகளின் கால் சிக்குகிறது. சுற்றிவர மெத்தைத் துணி கட்டலாமா? (சாம்பல்தீவு)

கட்ட வேண்டாம் தம்பி. கால் சிக்கினால் அழுவாள், நீங்கள் எடுத்துவிடுவீர்கள். முகம் அந்தத் துணியில் புதைந்தால் அழ முடியாது. கம்பிகளின் இடைவெளியை அளந்து பாருங்கள், 6 சென்ரிமீற்றருக்கு மேல் இருக்கக்கூடாது. சோடா டின் உள்ளே போனால் அந்தத் தொட்டிலே வேண்டாம். மெத்தை தும்பு மெத்தைபோல் இறுக்கமாக இருக்க வேண்டும், ஓரத்தில் இரண்டு விரலுக்கு மேல் இடம் விடக்கூடாது. விரிப்பை அடியில் இழுத்துச் செருகுங்கள். தலையணை, பொம்மை, போர்வை எதுவும் உள்ளே வேண்டாம். உட்காரத் தொடங்கியதும் மெத்தையைக் கீழ்த்தட்டுக்கு இறக்குங்கள்.

தலை உருண்டையாக வர உம்மம்மா கடுகுத் தலையணை தைத்துத் தந்திருக்கிறா. வைக்கலாமா? நுளம்புக்கு என்ன செய்வது? (கிண்ணியா)

தலையணையை உம்மம்மாவின் அன்பாக எடுத்து வையுங்கள் மகள், பிள்ளையின் தலைக்கடியில் வேண்டாம். முழித்திருக்கும்போது நீங்கள் பார்த்திருக்கக் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். படுக்கும்போது ஒரு நாள் இந்தப் பக்கம், மறுநாள் அந்தப் பக்கம் தலையை வையுங்கள். தலை தானாக வடிவாகும்.

2017இல் டெங்கு உங்கள் ஊரை என்ன பாடு படுத்தியது என்று நான் சொல்லத் தேவையில்லை. டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது, ஆகவே பகல் நித்திரைக்கும் வலை கட்டுங்கள். வலை பிள்ளையின் முகத்தில் தொங்காமல், நாலு பக்கமும் மெத்தைக்கடியில் செருகி இழுத்து நிற்க வேண்டும். நுளம்புத்திரி கொளுத்தாதீர்கள், அந்தப் புகை பிள்ளையின் நெஞ்சுக்குக் கூடாது.

ஃபான் போட்டால் சளி பிடிக்குமா? (நிலாவெளி)

பிடிக்காது. நேரே முகத்தில் அடிக்காமல் திருப்பி வையுங்கள். தொப்பியும் காலுறையும் வீட்டுக்குள் வேண்டாம், ஒரு மெல்லிய பருத்திச் சட்டை போதும்.

கழுத்தில் பஞ்சாயுதம் போட்டிருக்கிறோம். நித்திரைக்குக் கழற்றினால் கண்ணூறு படும் என்கிறார் அப்பம்மா. (தம்பலகாமம்)

உருளும் பிள்ளையின் கழுத்தில் சங்கிலியும் கூடாது, கறுப்புக் கயிறும் கூடாது. படுக்கும் முன் கழற்றி, அப்பம்மாவின் கையாலேயே சாமிப் படத்தடியில் வைக்கச் சொல்லுங்கள். காலையில் குளிப்பாட்டியதும் அவரே போட்டுவிடட்டும்.