நெடுந்தொலைவு வேட்டைக்குக் குறைந்த விலையில் துல்லியமான ரைபிள்: பள்ளத்தூர் வாசகருக்கு விளக்கம்

பள்ளத்தூரைச் சொந்த ஊராகக் கொண்டு, நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில் பொறியாளராக இருக்கும் வாசகர் ஒருவர், அப்பச்சியின் (தந்தையின்) அறுபதாம் ஆண்டுச் சாந்திக்காக ஊர் வந்திருக்கிறார். வந்த இடத்தில் இரண்டு கேள்விகளை அனுப்பியிருக்கிறார். அங்கே துப்பாக்கி உரிமம் பெற்றுவிட்ட அவர், நண்பர்களோடு செம்மான், தார் என்னும் இமயமலைக் காட்டாடு ஆகியவற்றை வேட்டையாட மலைக்குச் செல்ல எண்ணுகிறார். 300 மீட்டரிலும், வாய்த்தால் 400 மீட்டரிலும் நம்பிச் சுடக்கூடிய ரைபிள், ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) உட்பட 2500 நியூசிலாந்து டாலருக்குள் கிடைக்குமா என்பது முதற்கேள்வி. ஐயா (தாத்தா) காலத்து இரட்டைக் குழல் துப்பாக்கி ஒன்று பள்ளத்தூர் வீட்டு இரும்புப் பெட்டியில் கிடக்கிறது, அதை என்ன செய்வது என்பது இரண்டாவது.

முதற்கேள்விக்கு விடை, கிடைக்கும் என்பதே. 6.5 கிரீட்மோர் தோட்டாவுக்கான ஹோவா 1500 ரைபிளை வாங்குங்கள். மிச்சப் பணத்தை ஸ்கோப்பிலும் அதைப் பொருத்தும் வளையங்களிலும் பயிற்சித் தோட்டாவிலும் போடுங்கள். இதற்குக் காரணம் சொல்ல வேண்டும். ஏனெனில் கடைக்காரர் பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக, ரைபிளுக்கே முழுப் பணத்தையும் செலவிடச் சொல்வார்.

துல்லியத்தை அளப்பதற்குச் சுடுவோர் கையாளும் அலகு எம்.ஓ.ஏ. எனப்படும் கோண அளவு, அதாவது ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கான கலை. 100 மீட்டரில் ஒரு கலை 2.9 சென்டிமீட்டர், 400 மீட்டரில் அது 11.6 சென்டிமீட்டராக விரியும். தார் ஆட்டின் இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ ஒரு சாண் குறுக்களவு கொண்டது. ஒரு கலைக்குள் சுடும் சாதாரண ரைபிள், குறியின் நடுவிலிருந்து 400 மீட்டரில் ஆறு சென்டிமீட்டருக்குள் குண்டை விழச் செய்யும். அதைப் போல இரு மடங்கு விலை கொடுத்து அரைக் கலை ரைபிள் வாங்கினால் அந்த ஆறு மூன்றாகும். உங்கள் கூடுதல் பணம் முழுவதற்கும் கிடைப்பது அந்த மூன்று சென்டிமீட்டர்தான்.

இதனோடு காற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். 143 கிரெய்ன் (சுமார் 9.3 கிராம்) எடையுள்ள 6.5 கிரீட்மோர் வேட்டைக் குண்டை, மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே வீசும் காற்று, 400 மீட்டரில் சுமார் 30 சென்டிமீட்டர் தள்ளிவிடுகிறது. காற்றின் வேகத்தைப் பாதியாகத் தவறிக் கணித்தால் 15 சென்டிமீட்டர் பிழை. நியூசிலாந்தின் தென் ஆல்ப்ஸ் மலைச்சரிவில், நீங்கள் படுத்திருக்கும் இடத்தில் ஒரு காற்றும் நடுப்பள்ளத்தில் வேறொரு காற்றும் ஆடு நிற்கும் பாறையில் மூன்றாவது காற்றும் வீசும். ஆகவே குறி தவறுவதற்கு ரைபிளின் துல்லியக் குறைவு காரணமாவது அரிது. ஒரு கலைக்குச் சற்று முன்பின்னாகச் சுடும் ரைபிளே போதும் என்று நான் சொல்வது சிக்கனத்துக்காக மட்டும் அன்று.

தோட்டாவைத் தேர்வதில் பலரும் பெரியதே நல்லது என்று எண்ணுகிறார்கள். 1952-இல் வெளிவந்த .308 வின்செஸ்டர் நம்பகமானது, எங்கும் கிடைப்பது. ஆயினும் அதே காற்று அதன் வழக்கமான குண்டை 400 மீட்டரில் 40 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளும், தோளில் இடிப்பதும் கூடுதல். 7 மி.மீ. ரெமிங்டன் மேக்னம் தொலைவில் வலுவானதுதான். ஆனால் அதன் உதைப்புக்குப் பயந்து, விசையை இழுக்குமுன் கண்ணை மூடிக்கொள்ளும் புதியவர்களை நான் அதிகம் பார்த்திருக்கிறேன். 6.5 கிரீட்மோரை ஹார்னடி நிறுவனம் 2007-இல் இலக்குச் சுடும் போட்டியாளர்களுக்காகவே உருவாக்கியது. ஒல்லியும் நீளமுமான குண்டு காற்றை எளிதில் கிழிக்கும், உதைப்பு மிதமானது, தோட்டா வகைகளும் ஏராளம். செம்மானுக்கும் தாருக்கும் நீங்கள் சொல்லும் தொலைவில் அதன் ஆற்றல் போதும். குண்டு மட்டும் வேட்டைக்கென்று செய்யப்பட்டதாக, உள்ளே புகுந்ததும் விரியும் வகையாக இருக்க வேண்டும். குழலின் உட்சுழல் வரி எட்டு அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற விகிதத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட குண்டு தள்ளாடாமல் செல்ல அது வேண்டும்.

இனி ரைபிள்கள். ஜப்பானில் செய்யப்படும் ஹோவா 1500 சற்றுக் கனமானது. மலையேறும்போது அது குறை, சுடும்போது அதுவே நிறை. அதன் இரண்டு நிலை விசை, இந்த விலையில் கிடைப்பவற்றுள் சிறந்தவற்றில் ஒன்று. நெசவூர்க்காரர்கள் கேட்டு மகிழ ஒரு செய்தி: இந்த ஹோவா நிறுவனம் 1907-இல் தறி செய்யும் ஆலையாகத் தொடங்கியது, பிறகுதான் ஜப்பானியப் படைகளுக்கு ரைபிள் செய்யும் நிலைக்கு வளர்ந்தது. பின்லாந்தின் ரீஹிமாக்கி நகரில் சாக்கோ நிறுவனம் செய்யும் டிக்கா டி3எக்ஸ் இதைவிட மெருகானது. தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பூட்டும் போல்ட், நெய்யில் ஓடுவது போல் ஓடும், எடையும் குறைவு. உங்கள் தொகையில் அதை வாங்கினால் ஸ்கோப்புக்கு மிஞ்சுவது குறைந்துவிடும் என்பதே என் தயக்கம். நண்பர் எவரேனும் நல்ல நிலையில் உள்ள பழைய டிக்காவை விற்றால் யோசிக்காமல் வாங்கிவிடலாம்.

இவற்றினும் மலிவானவை அமெரிக்காவின் ரூகர் அமெரிக்கன், சாவேஜ் ஆக்சிஸ் ஆகிய இரண்டும். சாவேஜ் குழலை ஒரு மரையாணி வளையத்தால் பூட்டி, தோட்டா உட்காரும் இடைவெளியைச் சரியாக அமைக்கும் முறையைக் கையாள்கிறது. அதனால்தான் அந்த மலிவு ரைபிள் தன் விலைக்குப் பொருந்தாத துல்லியத்தோடு சுடுகிறது. இரண்டின் குறையும் மெல்லிய பிளாஸ்டிக் கட்டை, அதாவது குழலைத் தாங்கித் தோளில் அணையும் பகுதி. முன்பக்கத்தைப் பையின் மீது அழுத்தி வைத்தால் கட்டை வளைந்து குழலைத் தொடும்; தொட்டால் குறி விலகும். குழலும் போல்ட் அறையும் கட்டையில் அசையாமல் உட்கார்வது, பர்மாத் தேக்குக் கதவு தன் நிலையில் உட்கார்வதைப் போன்றது. அங்கே ஒரு நூலிழை பிசகினால் மற்ற வேலைப்பாடு எதுவும் பயன்படாது.

இதைக் கடையிலேயே சோதிக்கலாம். ரைபிள் வெறுமையாக இருப்பதை முதலில் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்துகொண்டு, ஒரு ரூபாய் நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் இடையே முனையில் செருகிப் பின்னோக்கி இழுத்து வாருங்கள். போல்ட் அறை தொடங்கும் இடம் வரை அது தடையின்றி வர வேண்டும். பிறகு இடக்கையால் கட்டையின் முன்பகுதியைக் குழலோடு சேர்த்து இறுக்கிப் பிடித்து, மறுபடியும் இழுங்கள். இம்முறை நோட்டு சிக்கிக்கொண்டால், மலையில் பாறைமேல் சாத்திச் சுடும்போதும் அதே இடத்தில் கட்டை குழலைத் தொடும் என்று பொருள். அடுத்து, குழல்முனையின் விளிம்பை விளக்கொளியில் திருப்பிப் பாருங்கள். அங்கே ஒரு சிறு நசுங்கல் இருந்தாலும் குண்டு வெளியேறும்போது ஒருபக்கமாகத் தள்ளப்படும். பழைய ரைபிளாயின் இந்த விளிம்பைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முன் பார்ப்பேன். ஒலியடக்கி பொருத்துவதற்காக முனையில் மரை வெட்டியிருப்பதும் நல்லது. நியூசிலாந்தில் ஒலியடக்கி சட்டப்படி பயன்படுத்தத்தக்கது, காதையும் தோளையும் அது காக்கும்.

ஸ்கோப்புக்கு ரைபிளின் விலையில் குறைந்தது பாதியையாவது ஒதுக்குங்கள். உருப்பெருக்கம் பன்னிரண்டு மடங்குக்கு மேல் தேவையில்லை. அதற்கு மேல் போனால் கண்ணில் படும் பரப்பு சுருங்கி, ஆட்டைத் தேடுவதிலேயே பொழுது போகும். 200 மீட்டரில் குறி சரிசெய்த 6.5 கிரீட்மோர், 300 மீட்டரில் ஒரு சாண் அளவும் 400 மீட்டரில் ஒன்றரை முழமும் கீழே விழும். இதை ஈடுகட்ட ஸ்கோப்பின் மேல் திருகியைத் திருப்ப வேண்டும். திருப்பிய அளவு குண்டு ஏறவும், மீண்டும் திருப்பினால் பழைய இடத்துக்கே வரவும் வேண்டும். மலிவு ஸ்கோப்புகள் தோற்பது கண்ணாடியில் அன்று, இந்தத் திருகியில்தான். அத்துடன், ஸ்கோப்பைத் தாங்கும் வளையங்களின் திருகுகளை உற்பத்தியாளர் சொன்ன அளவுக்கு முறுக்கு அளக்கும் திருப்புளியால் இறுக்குங்கள். குறி நிற்கவில்லை என்று ரைபிளைத் திட்டுவோரில் பலருக்கு அந்தத் திருகு தளர்ந்திருக்கும்.

செட்டிநாட்டுச் சமவெளியில் வளர்ந்த நமக்குக் குன்றக்குடி மலையே உயரம். ஆனால் தார் வாழ்வது செங்குத்தான பாறைகளில். (1904-இல் இமயமலை இனத்தைக் கொண்டுபோய் மவுண்ட் குக் பகுதியில் விட்டார்கள்; நம் மாநில விலங்கான வரையாட்டுக்கு அது தோற்றத்தில் உறவுபோல் இருக்கும்.) சரிவில் சுடும்போது குண்டின் வீழ்ச்சியைக் கிடைத்தூரமே, அதாவது கிடைமட்டமாக அளந்த தூரமே, தீர்மானிக்கிறது. 40 பாகைச் சரிவில் 400 மீட்டர் தொலைவில் ஆடு நின்றால், கிடைத்தூரம் சுமார் 306 மீட்டர்தான். 400-க்குத் திருகியைத் திருப்பினால் குண்டு ஆட்டின் முதுகுக்கு மேலே பறந்துபோகும். சரிவைக் கணக்கிட்டுச் சொல்லும் லேசர் தூரமானியைப் பயன்படுத்துங்கள். தொகை இடங்கொடாவிட்டால் முதல் ஆண்டில் நண்பரிடம் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள்.

ரைபிள் வந்ததும் மூன்று வகைத் தோட்டாக்களை ஒவ்வொரு பெட்டி வாங்கிச் சோதியுங்கள். ஒவ்வொரு குழலுக்கும் ஒரு விருப்பம் உண்டு. மூன்று குண்டு ஒரே துளையில் விழுந்ததைப் படம் பிடித்துக் காட்டுவோரை நம்ப வேண்டாம். மூன்று எந்த ரைபிளுக்கும் ஒருநாள் வாய்க்கும். பத்துக் குண்டுகளைக் குழல் சூடேறாதபடி இடைவெளிவிட்டுச் சுட்டு, அவற்றின் பரவலைப் பாருங்கள். அதைவிட முக்கியமானது, குளிர்ந்த குழலிலிருந்து புறப்படும் முதற்குண்டு எங்கே விழுகிறது என்பது. வேட்டையில் சுடப்போவது அந்த ஒன்றைத்தான். பொருந்திய தோட்டாவை ஒரே தயாரிப்புத் தொகுதி எண்ணில் சில பெட்டிகள் வாங்கி வையுங்கள். மண்டியிட்டும், பையின் மீது சாய்த்தும் பத்துக்கு ஒன்பதை ஒரு சாணுக்குள் எந்தத் தொலைவில் போட முடிகிறதோ, அதுவே உங்கள் எல்லை. முதல் ஆண்டில் அது 300 மீட்டரைத் தாண்டாது என்றே நினைக்கிறேன்; 400-ஐ மறந்துவிடலாம்.

நியூசிலாந்துச் சட்டம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 2019-இல் பெரும்பாலான அரைத் தானியங்கி வகை ரைபிள்கள் தடைசெய்யப்பட்டன. நான் சொன்னவை யாவும் போல்ட் வகை. 2023 ஜூன் முதல் நடைமுறையில் உள்ள பதிவேட்டில் வாங்கும் ரைபிளைச் சேர்க்க வேண்டும். பொதுக் காப்பு நிலங்களில் வேட்டைக்கான அனுமதிச் சீட்டு இலவசமாகவே கிடைக்கும். செம்மான் அலறும் பருவம் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் வரும். அப்போது காட்டில் கூட்டம் மிகுதி. புதரில் அசைவதெல்லாம் மான் என்று எண்ணிச் சக வேட்டையரைச் சுட்ட துயரங்கள் அங்கே நடந்ததுண்டு. விலங்கு இன்னது என்று ஐயமற உறுதியாகும்வரை விசையில் விரல் போகக்கூடாது.

விடுமுறையில் இங்கிருக்கும் நாட்களையும் வீணாக்க வேண்டாம். இந்தியாவில் 0.177 அங்குலத்துக்கு மிகாத குழலும் 20 ஜூலுக்கு மிகாத ஆற்றலும் கொண்ட ஏர் ரைபிளுக்கு ஆயுத உரிமம் தேவையில்லை. ஒலிம்பிக் ஏர் ரைபிள் போட்டியின் தூரம் 10 மீட்டர். முகப்பிலிருந்து மூன்றாங்கட்டு வரை நீளும் உங்கள் வீட்டில் அதற்கு இடம் தேட வேண்டியதே இல்லை. இரண்டாங்கட்டின் ஓரத்தாழ்வாரத்தில், பின்னால் சுவர் இருக்க, அதன் முன்னே குண்டு பிடிக்கும் இரும்புப் பெட்டியை வைத்து, பக்கக் கதவுகளைத் தாழிட்டு, நாள்தோறும் இருபது குண்டுகள் மட்டும் சுடுங்கள். சாந்திக்கு வந்த விருந்தாளிக் குழந்தைகள் ஊர் திரும்பிய பிறகு தொடங்குவது நல்லது. மூச்சு, விசை இழுப்பு, சுட்டபின்னும் கண்ணைக் குறியிலேயே வைத்திருப்பது ஆகிய மூன்றும் பத்து மீட்டரிலும் நானூறு மீட்டரிலும் ஒன்றே.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். பள்ளத்தூர்த் துப்பாக்கியை நியூசிலாந்து உரிமத்தைக் காட்டி இங்கே கையாள முடியாது. அது அந்நாட்டுக்குள் மட்டுமே செல்லும். 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின்படி இங்கே வேட்டைக்கு இடமில்லை. வயலில் பன்றி மேய்கிறது, மயில் கொத்துகிறது என்றாலும் வனத்துறையிடம் முறையிடுவதே வழி. நாமே சுட்டால் குற்றம். திருப்பத்தூர் அருகே வேட்டங்குடிப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வைக்காத ஊர்க்காரர்கள் இருக்கும் வட்டாரம் இது என்பதையும் நினைவில் கொள்ளுங்கள்.

ஐயா காலமானதும் அவர் பெயரில் இருந்த உரிமம் முடிந்துவிடுகிறது. அதன்பின் அத்துப்பாக்கி வீட்டில் இருப்பதே ஆயுதச் சட்டத்துக்கு முரண். ஆகவே சாந்தி முடிந்த கையோடு, உரிமப் புத்தகத்தையும் இறப்புச் சான்றையும் தேடி எடுத்து, துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். எடுத்துச் செல்லுமுன் காவல் நிலையத்துக்குச் சொல்லிவிட்டுச் செல்வது நல்லது. வைத்துக்கொள்ள விரும்பினால், இங்கேயே வசிக்கும் வாரிசு ஒருவர், ஏனைய பங்காளிகளின் ஆட்சேபணையில்லாக் கடிதங்களோடு சிவகங்கை மாவட்ட ஆட்சியருக்கு வாரிசு உரிமத்துக்கு விண்ணப்பிக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. ஏற்கெனவே இரண்டு உள்ளவர் பெயரில் விண்ணப்பித்தால் தள்ளுபடியாகும். யாருக்கும் வேண்டாம் என்றால், ஒப்படைத்த கடை வழியாகவே உரிமம் உள்ள ஒருவருக்கு விற்க ஆட்சியரகத்தில் எழுதிக் கொடுங்கள். பழைய தோட்டாக்கள் ஏதும் பெட்டியில் இருந்தால் அவற்றையும் எண்ணிச் சேர்த்து ஒப்படையுங்கள். சுட்டுப் பார்த்துத் தீர்க்க முயல வேண்டாம்.