குளவி புதிய இனமா? பெயர் வைக்கும் முன் பார்க்க வேண்டியவை

கேள்வி: வால்பாறை அருகே தேயிலைத் தோட்ட ஓரப் புதரில் கிடைத்த பச்சைப் புழு ஒன்றை இலை போட்டு வளர்த்தேன். அதன் உடம்பைத் துளைத்துக்கொண்டு சிறு புழுக்கள் வெளியே வந்து வெள்ளைக் கூடு கட்டின. அவற்றிலிருந்து 2.5 மி.மீ. நீளத்தில் 23 கறுப்புக் குளவிகள் வந்தன. இணையத்தில் உள்ள எந்தப் படத்தோடும் ஒத்துப்போகவில்லை. இது புதிய இனமா? நானே பெயர் வைக்கலாமா?

பதில்: வைக்கலாம். விலங்குப் பெயரிடல் விதிகள் யாரிடமும் பட்டமோ பதவியோ கேட்பதில்லை. ஆனால் படத்தோடு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்து மட்டும் எதுவும் சொல்ல இயலாது. நீங்கள் சொல்லும் அடையாளங்கள், புழுக்களின் உடலுக்குள் வளரும் ஒட்டுண்ணிக் குளவிகளான மைக்ரோகாஸ்டரினே என்ற துணைக்குடும்பத்தைக் காட்டுகின்றன. எப்போதோ பெயர் வைத்த இனங்கள் பலவற்றுக்கு இன்னும் நல்ல படமே கிடையாது.

முதலில் உணர்கொம்பின் கணுக்களை எண்ணுங்கள். மைக்ரோகாஸ்டரினே குளவிக்கு 18 இருக்கும். எண்ணிக்கை மாறினால், கூட்டுக்குள் இருந்த குளவிப் புழுவையே தின்று வளர்ந்த இரண்டாம் ஒட்டுண்ணியாக இருக்கலாம். மீசோகோரஸ் என்ற வேறொரு குளவிப் பேரினம் இப்படி வரும். அதன் முன்சிறகின் நடுவே பெரிய சாய்சதுர அறை ஒன்று பளிச்சென்று தெரியும். இரண்டையும் ஒரே குப்பியில் போட்டுவிட்டால், எது எதைத் தின்றது என்ற பதிவே தவறாகிவிடும்.

அடுத்த சிக்கல், 23 என்ற எண்ணிக்கை தரும் நம்பிக்கை. ஒரே புழுவிலிருந்து வந்தவை பெரும்பாலும் ஒரே தாயின் பிள்ளைகள். 23 பூச்சி இருந்தாலும் நீங்கள் பார்ப்பது ஒரு குடும்பத்தைத்தான். இனத்துக்குள் நிறமும் அளவும் எவ்வளவு மாறும் என்பது இதில் தெரியாது. பல புழுக்கள் ஒரே உடலைப் பங்கு போட்டால் குளவி சிறுத்துப்போவதும் உண்டு. அதே புதரில், முடிந்தால் வேறு மாதத்திலும் வேறு இடத்திலும் இன்னும் இரண்டு மூன்று புழுக்களைத் தேடி வளருங்கள். எல்லாமே ஆணாக வந்திருந்தால் தாய் இணைசேராமல் முட்டையிட்டிருக்கலாம். அடையாள அட்டவணைகள் பெரும்பாலும் பெண்ணை வைத்தே எழுதப்பட்டவை என்பதால் பெண் கிடைக்கும் வரை காத்திருங்கள். புழுவின் படம், அதன் தோல், தின்ற செடியின் கிளை எல்லாம் பத்திரமாக இருக்கட்டும்.

வெளிவந்த குளவியை உடனே கொல்லக் கூடாது. உடல் இறுகவும் நிறம் முழுதாக ஏறவும் ஒரு நாள் விடுங்கள். பாதியை 95% எத்தனாலில் போட்டு ஃப்ரீசரில் வையுங்கள். மீதியை உலர்த்த வேண்டும். ஆல்கஹாலிலிருந்து எடுத்து அப்படியே காற்றில் வைத்தால் கண் குழிந்து, வயிறு சுருங்கி, சிறகு சுருண்டு ஒட்டிக்கொள்ளும். 100% எத்தனாலுக்கு இரண்டு முறை மாற்றி, பிறகு எச்.எம்.டி.எஸ். (ஹெக்சாமெதில்டைசிலசேன்) திரவத்தில் ஊறவைத்து ஆவியாக விட்டால் உருவம் கெடாது. அதன் ஆவி நச்சு, தீயும் பற்றும். கல்லூரி ஆய்வகத்தில் புகைபோக்கிக் கூண்டுக்குள் மட்டுமே செய்யுங்கள். முக்கோணமாக வெட்டிய அட்டையின் நுனியில் மார்பின் வலப்பக்கத்தை ஒட்டினால் இடப்பக்கம் முழுதும் பார்வைக்குக் கிடைக்கும்.

இனி பேரினம். முன்சிறகின் நடுவே நரம்புகள் சூழ்ந்த சிற்றறை மூடியிருந்தால் மைக்ரோபிளைட்டிஸ், மைக்ரோகாஸ்டர் என்ற பேரினங்களின் பக்கம் போங்கள். திறந்திருந்தால் புரோபோடியத்தைப் பாருங்கள். மார்போடு ஒட்டிக்கொண்ட முதல் வயிற்றுக் கண்டம் அது. அப்பான்டலஸ் பேரினத்தில் பொதுவாக அதன் நடுவே வரம்பு கட்டிய அறை ஒன்று இருக்கும். முட்டையிடும் குழாயும் நீளமாக இருக்கும். கோட்டீசியாவில் அந்தப் பரப்பு சொரசொரப்பாக, பல நேரம் நடுவில் ஒரே வரம்போடு இருக்கும். கிளிப்டப்பான்டலஸில் பெரும்பாலும் வழவழப்பு. அதில் இடுப்புக்குப் பின்னுள்ள வயிற்றின் முதல் தகடு பின்னால் போகப்போகக் குறுகும். கறுப்பு உடலில் விளக்கு நேராகப் பட்டால் பளபளப்பு இந்த வரம்புகளை மறைத்துவிடும். டிரேசிங் பேப்பரைக் குழலாகச் சுருட்டிப் பூச்சியைச் சுற்றி நிறுத்துங்கள். அதுவரை காணாத கோடுகள் எழுந்து நிற்கும்.

பலர் சறுக்குவது பழைய பெயர்களில்தான். பூச்சியியலாளர் வில்கின்சன் 1928ல் இந்தோ-ஆஸ்திரேலியப் பகுதியின் அப்பான்டலஸ் இனங்களைத் திருத்தி எழுதியபோது அந்தப் பேரினம் மிகப் பெரியது. 1981ல் மேசன் அதைப் பல பேரினங்களாகப் பிரித்தார். எலுமிச்சைப் பட்டாம்பூச்சிப் புழுவைத் தாக்கும் டிஸ்டாட்ரிக்ஸ் பேப்பிலியோனிஸ், 1912ல் வியரெக் எழுதியபோது அப்பான்டலஸ் என்றே இருந்தது. ஆகவே உங்கள் பூச்சி கிளிப்டப்பான்டலஸ் என்று தெரிந்தாலும், பழைய அப்பான்டலஸ் பெயர்களையும் தேடியே ஆக வேண்டும். அக்கால விவரிப்பு சில வரிதான் இருக்கும். சந்தேகம் தீர அருங்காட்சியகத்திலுள்ள மூல மாதிரியின் படத்தைக் கேட்டு வாங்குங்கள்.

ஒரு காலைக் கழற்றி சி.ஓ.1 மரபணுவின் 658 எழுத்துப் பகுதியை (இதையே பார்கோடு என்பார்கள்) படிக்கச் செய்வது நல்ல துணை. 2% வேறுபாடு வந்தாலே புதிய இனம் என்று கொள்ளக் கூடாது. வோல்பாக்கியா என்ற பாக்டீரியா இந்தக் கணக்கைக் குழப்பும். கோஸ்டா ரிக்காவின் குவானகாஸ்டே காடுகளிலிருந்து 2014ல் 186 புதிய அப்பான்டலஸ் இனங்களை விவரித்தவர்கள் பார்கோடு, உடலமைப்பு, வளர்த்தெடுத்த புழு மூன்றையும் சேர்த்தே பார்த்தார்கள். 2021ல் அதே நாட்டிலிருந்து மைக்ரோகாஸ்டரினே அடங்கும் பிரக்கோனிட் குடும்பத்தின் 403 இனங்கள் பெரிதும் பார்கோடை நம்பி வெளியானபோது கடும் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே எங்கள் கருத்து. நுண்ணோக்கியோடு காட்டில் நிற்பவருக்கு மரபணு எழுத்துகள் மட்டும் உதவாது.

விவரிப்பில் ஒரு பெண் குளவியை ஹோலோடைப் (பெயருக்கு அடிப்படையான ஒற்றை மூல மாதிரி) என்று வெளிப்படையாகக் குறியுங்கள். அது எந்த நிறுவனத்தில் வைக்கப்படும் என்பதையும் எழுதுங்கள். இரண்டில் ஒன்று விட்டாலும் பெயர் செல்லாது. நெருங்கிய இனங்களிலிருந்து எதில் வேறுபடுகிறது என்ற பத்தி கட்டாயம். முட்டையிடும் குழாயின் உறையைப் பின்காலின் டிபியாவோடு (தொடைக்கு அடுத்த கால் பகுதி) ஒப்பிட்டு விகிதமாகச் சொல்லுங்கள்; “நீளமானது” என்றால் அடுத்தவருக்குப் பயனில்லை. 2002ஆம் ஆண்டுப் பல்லுயிர்ப் பெருக்கச் சட்டத்தின் 39ஆம் பிரிவுப்படி, புதிய இனத்தை அரசு குறித்த களஞ்சியத்துக்குத் தெரிவித்து மாதிரியை ஒப்படைக்க வேண்டும். காட்டுக்குள் சேகரிப்பதானால் வனத்துறை அனுமதி முன்னதாகவே கையில் வேண்டும்.

தமிழ்ச் சொல்லையே இலத்தீன் எழுத்தில் பெயராக வைக்கலாம். பெயர்ச்சொல்லாக வைத்தால் பேரினத்தின் பாலுக்கேற்ப விகுதி மாற்ற வேண்டியதில்லை. மின்னிதழில் மட்டும் வெளியிட்டால், வெளியாகும் முன்பே விலங்குப் பெயர்களின் இணையப் பதிவேடான ஜூபேங்கில் பதிவு செய்து, அந்தப் பதிவின் சான்று கட்டுரைக்குள்ளேயே அச்சாகியிருக்கிறதா என்று மெய்ப்பு பார்க்கும்போது சரிபாருங்கள்.