கூட்டை இடிக்காதீர்கள், அடியைக் கட்டுங்கள்

கேள்வி: தென்காசி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறோம். கொல்லையில் ஐந்தடிக்கு நாலடியில் கோழிக்கூடு கட்டி, பத்து நாட்டுக்கோழி விட்டோம். மண் தரை, தகரக் கூரை, சுற்றிலும் கோழி வலை. போன வாரம் ராத்திரி ஏதோ ஒன்று ஓரத்து மண்ணைப் பறித்து, வலையைக் கிழித்து மூன்று கோழிகளைக் கொன்று போட்டுவிட்டது. தின்னக்கூட இல்லை. கீரி என்கிறார்கள். மிச்சமுள்ள கோழிகள் முட்டைப் பெட்டியிலேயே படுத்து அசிங்கம் செய்கின்றன. சாரலுக்குப் பயந்து நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டியதிலிருந்து நாற்றம் தாங்கவில்லை. இடித்துவிடு என்கிறார் என் கணவர். என்ன செய்யலாம்?

பதில்: அன்புச் சகோதரி, இடிக்க வேண்டாம். முதலில் இன்று ராத்திரிக்கு வழி பார்ப்போம். ஒருமுறை ருசி கண்டது அதே இடத்துக்குத் திரும்ப வரும். கூட்டைச் சரிசெய்து முடிக்கும்வரை, மிச்சக் கோழிகளைப் பஞ்சாரத்தில் போட்டு வீட்டுக்குள்ளோ திண்ணையிலோ கவிழ்த்து, மேலே ஒரு கல்லை வையுங்கள்.

கீரி என்பதை நான் நம்பவில்லை. கீரி பகலில் இரை தேடுகிற பிராணி. ராத்திரியில் வருபவை மரநாய், காட்டுப்பூனை, தெருநாய். மண்ணைப் பறித்து வலையைக் கிழித்து, கொன்றதைத் தின்னாமல் போட்டுவிட்டுப் போயிருக்கிறது என்றால் தெருநாயாக இருக்கவே வாய்ப்பு அதிகம். எதுவானாலும் விஷம் மட்டும் வைக்காதீர்கள். கீரியும் மரநாயும் 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வருபவை. அதோடு, விஷம் யார் வீட்டுப் பிராணியின் வாய்க்குப் போகும் என்று நம்மால் சொல்ல முடியாது.

இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. எதிரி உள்ளே வந்தால் ஓடித் தப்பிக்கத் தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருக்கும். கூடு கட்டும்போது பெரும்பாலும் பகலில் பார்த்து யோசிக்கிறோம். அது வேலை செய்ய வேண்டியது ராத்திரியில். உங்கள் மூன்று சிக்கலும் அங்கிருந்துதான் வருகின்றன.

அறுகோணக் கண்ணுள்ள கோழி வலை, கோழி வெளியே போகாமல் தடுக்கத்தான். நாய் பல் போட்டு இழுத்தால் கிழிந்துவிடும். கீழிருந்து குறைந்தது மூன்றடி உயரத்துக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வெல்டு மெஷ், அதாவது கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த கெட்டியான வலை, அடியுங்கள். அதோடு நிறுத்திவிடாமல், அதே மெஷ்ஷைத் தரையில் வெளிப்பக்கமாக ஓரடி அகலத்துக்கு மடக்கிப் படுக்க வைத்து, மேலே மண்ணும் கல்லும் போடுங்கள். பறிக்கிற பிராணி சுவரோரத்தில் நின்றுதான் பறிக்கும். கால் வைத்த இடத்திலேயே கம்பி தட்டினால் மேற்கொண்டு பறிக்காது. காசு இருந்தால் சுற்றிலும் ஒரு வரிசை செங்கல் புதைத்துப் பூசிவிடலாம். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருக்கிற இடைவெளியையும் அதே மெஷ்ஷால் மூடுங்கள். மரநாய் ஏறி வருகிற வழி அதுதான். கதவுக்கு வெறும் கொக்கி போதாது, தாழ்ப்பாள் போட்டுக் கம்பியும் முறுக்குங்கள்.

நாற்றத்துக்குக் காரணம் ஈரம். எச்சமும் ஈரமும் சேர்ந்தால் அமோனியா கிளம்பும். அது கோழியின் கண்ணையும் மூச்சையும் கெடுத்து, சளியில் கொண்டுபோய் விடும். தார்ப்பாய் அதை வெளியே போக விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. சாரல் அடிக்கிற மேற்குப் பக்கத்தில் மட்டும், அதுவும் கோழி உட்காரும் உயரம் வரைக்கும், தார்ப்பாய் இருக்கட்டும். அதற்கு மேலே காற்றுக்கு விட்டுவிடுங்கள். மற்ற மூன்று பக்கமும் திறந்தே இருக்கலாம். கூரையை இரண்டடி வெளியே நீட்டினால் பாதிச் சாரல் உள்ளே வராது. தரையை அரையடி மேடாக்கி, நெல் உமியோ தேங்காய் நார்க் கழிவோ மூன்று அங்குலம் பரப்பி, அடிக்கடி கிளறி விடுங்கள். நனைந்த இடத்தை அன்றைக்கே அள்ளிவிடுங்கள். அள்ளியதை மக்க வைத்தால் தென்னைக்கு நல்ல உரம். தண்ணீர்ச் சட்டியைக் கூட்டுக்கு வெளியே வையுங்கள்.

தகரத்தின் மேல் தென்னங்கீற்று போடுங்கள். கோழிக்கு வியர்க்காது, வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். சித்திரை, வைகாசியில் வெறும் தகரத்துக்குக் கீழே அது படுகிற பாட்டைப் பார்த்தவர்கள் இந்த வேலையைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

அப்புறம் முட்டைப் பெட்டி. கோழி எப்போதும் கூட்டுக்குள் உயரமான இடத்தைத் தேடித்தான் அடையும். பெட்டி மேலேயும் உட்காரும் கம்பு கீழேயும் இருந்தால் அது பெட்டிக்குத்தான் போகும். இரண்டு அங்குலத் தடிமனில் சவுக்குக் கம்பைப் பெட்டியைவிட ஓரடி உயரத்தில் கட்டுங்கள். ஒரு கோழிக்கு எட்டு அங்குல இடம் வேண்டும். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், கால் வழுக்கும். நாலைந்து கோழிக்கு ஓரடிச் சதுரத்தில் ஒரு பெட்டி போதும். அதை இருட்டு மூலையில் வைத்தால் முட்டையிட மட்டும் போகும். கம்பில் வெடிப்பு இல்லாமல் பாருங்கள். உண்ணியும் செல் என்கிற பொடிப் பூச்சியும் பகலில் வெடிப்பில் ஒளிந்திருந்து, ராத்திரியில்தான் கோழியின் ரத்தத்தை உறிஞ்சும். அவ்வப்போது சுண்ணாம்பு அடிப்பது நல்லது.

ராத்திரி அடைய ஒரு கோழிக்கு இரண்டு சதுர அடி என்பது கணக்கு. உங்கள் கூடு பத்துக் கோழிக்கு உரியது, அதற்கு மேல் சேர்க்காதீர்கள். உங்கள் கணவரிடம் ஒன்று சொல்லுங்கள்: இடித்துவிட்டு வேறு கட்டினாலும் இந்த வேலைகளைச் செய்தே ஆக வேண்டும். இப்போது செய்தால் மெஷ்ஷுக்கும் நாலு கம்புக்கும் மட்டும்தான் செலவு.

புதிதாக மூன்று கோழி வாங்கினால் நேரே உள்ளே விட வேண்டாம், இரண்டு வாரம் தனியாக வைத்துப் பாருங்கள். வெள்ளைக்கழிச்சல் நோய் ஒரு கோழிக்கு வந்தால் கூடு முழுக்கக் காலியாகிவிடும். அதற்குச் சிகிச்சை கிடையாது, தடுப்பூசிதான். குஞ்சுக்கு முதல் வாரத்தில் சொட்டு மருந்து, எட்டு வாரம் ஆனதும் ஊசி. கால்நடை பராமரிப்புத் துறை பிப்ரவரி மாதத்தில் இதற்கென்றே இலவச முகாம் நடத்துகிறது. அதற்காகக் காத்திருக்காமல் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் இப்போதே கேட்டுப் போட்டுவிடுங்கள்.