16 வயது மகளிடம் ஆக்டிவா சாவியைக் கொடுக்கலாமா?

கேள்வி: நாங்கள் தருமபுரிக்காரர்கள், பல வருடமாக பெங்களூரு ராமமூர்த்தி நகரில் இருக்கிறோம். மகளுக்கு 16 முடிந்துவிட்டது, ஜெயநகரில் ஒரு கல்லூரியில் முதல் பியூசி (நம்மூர் பிளஸ் ஒன்) படிக்கிறாள். தினமும் பஸ் மாறிப் போய்வருவது கஷ்டம் என்கிறாள். என் தம்பி பெயரில் உள்ள ஆக்டிவா எங்கள் வீட்டில்தான் நிற்கிறது, டிஎன் 29 நம்பர். 16 வயதிலேயே எல்எல்ஆர் (பழகுநர் உரிமம்) போடலாம், அது கையில் இருந்தால் போலீஸ் பிடித்தாலும் பிரச்சினை இல்லை என்று ஒரு ஏஜென்ட் சொல்கிறார். உண்மையா? இல்லையென்றால் லைசென்ஸ் கேட்காத எலக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கித் தரலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் சார். ஏஜென்ட் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது, அந்தப் பாதியை நம்பித்தான் பல அப்பாக்கள் கோர்ட் வாசலில் போய் நிற்கிறார்கள்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், பொது இடத்தில் வண்டி ஓட்ட 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்கிறது. இதற்கு ஒரு விலக்கு உண்டு: 50 சிசிக்கு மேல் போகாத இருசக்கர வண்டியை 16 முடிந்தவர் ஓட்டலாம், அதற்கான எல்எல்ஆர் போட அப்பாவோ அம்மாவோ எழுத்தில் சம்மதம் தரவேண்டும். லூனா ஓடிக்கொண்டிருந்த காலத்துக்குச் சரியாக இருந்த விலக்கு இது. இன்றைக்கு ஷோரூமில் போய் 50 சிசி பெட்ரோல் ஸ்கூட்டர் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள், ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். ஆக்டிவா 110 சிசி, சாதுவாகத் தெரிகிற டிவிஎஸ் எக்ஸ்எல் கூட 100 சிசி. ஆக, உங்கள் மகளுக்கு எல்எல்ஆர் கிடைக்கும், ஏஜென்ட்டுக்குக் கமிஷன் கிடைக்கும், அந்த எல்எல்ஆரை வைத்து ஓட்டுவதற்கு வண்டிதான் கிடைக்காது. ஆக்டிவாவில் ஏறிவிட்டால் அந்த எல்எல்ஆர் இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான்.

பிடிபட்டால் என்ன ஆகும்? 2019-இல் சட்டத்தைத் திருத்தியபோது 199ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். 18 ஆகாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் பெற்றோரோ வண்டியின் உரிமையாளரோ குற்றவாளியாகக் கருதப்படுவார், 3 வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், வண்டியின் பதிவு 12 மாதத்துக்கு ரத்து. தனக்கு அனுமதி உள்ள வகை வண்டியை எல்எல்ஆரோடு ஓட்டிய பிள்ளைக்கு மட்டும் இதில் தப்ப வழி இருக்கிறது, அதாவது அந்த 50 சிசி வண்டி. 'எனக்குத் தெரியாமல் சாவியை எடுத்துட்டுப் போயிட்டா சார்' என்று சொல்லலாம்தான், ஆனால் உங்களுக்குத் தெரிந்தே நடந்தது என்றுதான் நீதிமன்றம் எடுத்துக்கொள்ளும், தெரியாது என்பதை நிரூபிக்கிற வேலை உங்களுடையது. வண்டி தம்பி பெயரில் என்பதால், தருமபுரியில் தன் பாட்டுக்கு இருக்கிற மனிதரும் இதில் மாட்டுவார். சித்தப்பா வீட்டு வண்டியில் சித்தப்பாவையே சிக்கவைத்தால் அடுத்த பொங்கலுக்கு ஊருக்கு எந்த முகத்தோடு போவீர்கள்?

இதையெல்லாம் விட எனக்குப் பெரிதாகப் படுவது வேறு இரண்டு விஷயம். முதலாவது, அப்படி மாட்டிய பிள்ளைக்கு 25 வயது ஆகும்வரை எல்எல்ஆரும் கிடையாது லைசென்ஸும் கிடையாது. கல்லூரி முடித்து வேலைக்குப் போய், எலக்ட்ரானிக் சிட்டியிலோ ஒயிட்ஃபீல்டிலோ தினமும் அலைகிற வயதில் மற்றவர்கள் எல்லாம் ஓட்டிக்கொண்டிருக்க, 16 வயதில் செய்த ஒரு காரியத்துக்காக அவள் பின்னால் உட்கார்ந்துதான் போகவேண்டும். பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளிடம் அபராதத் தொகையைச் சொன்னால் கேட்டுக்கொள்வார்கள், 25 வயது என்று சொன்னால்தான் முகம் மாறும்.

இரண்டாவது இன்சூரன்ஸ். இதை யாரும் யோசிப்பதே இல்லை. லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி யாரையாவது இடித்துவிட்டால், அடிபட்டவருக்குத் தீர்ப்பாயம் சொல்கிற இழப்பீட்டை இன்சூரன்ஸ் நிறுவனமே முதலில் கொடுக்கும்படி ஆகலாம், ஆனால் அதை அப்படியே வண்டிச் சொந்தக்காரரிடமிருந்து வசூல் பண்ணிக்கொள்ள அவர்களுக்கு வழி இருக்கிறது. 2004-இல் சுவரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் விரிவாகப் பேசிய சங்கதி இது. கால் உடைந்த ஒரு கூலித் தொழிலாளிக்கு வருகிற இழப்பீடு லட்சங்களில் போகும், அதன் முன்னால் 25,000 ஒன்றுமே இல்லை. உங்கள் வண்டியின் சேதத்துக்கும் கைக்காசுதான்.

அப்பார்ட்மென்ட்டுக்குள், லேஅவுட் ரோட்டில் ஓட்டிப் பழகட்டுமே என்று அடுத்து கேட்பீர்கள். பொதுமக்கள் வந்துபோகிற எந்த இடமும் பொது இடம்தான், லேஅவுட் ரோடும் ஞாயிற்றுக்கிழமை காலி மைதானமும் அதில் சேரும்.

சரி, எலக்ட்ரிக் ஸ்கூட்டர். மோட்டார் திறன் 250 வாட்டுக்குக் கீழ், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் கீழ், பேட்டரி இல்லாமல் எடை 60 கிலோவுக்குக் கீழ் இருந்தால் சட்டத்தின் கண்ணில் அது மோட்டார் வாகனமே இல்லை, அதனால் லைசென்ஸ் வேண்டாம், பதிவு வேண்டாம். உங்கள் மகள் அதை ஓட்டினால் சட்டத்தில் தடை இல்லை. ஆனால் வாங்கும்போது, அந்த மாடலுக்கு ஏஆர்ஏஐ அல்லது ஐகேட் போன்ற பரிசோதனை நிறுவனத்தின் சான்று இருக்கிறதா என்று காகிதத்தில் பார்த்து வாங்குங்கள், சேல்ஸ்மேன் வாய்வார்த்தை போதாது. சில கடைகளில் 'ஒரு ஒயர்தான் சார், கழட்டிட்டா 45 போகும்' என்பார்கள். கழற்றினால் அந்த நிமிடமே அது பதிவில்லாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம், மேலே சொன்ன அத்தனையும் உங்கள் தலையில். கழற்றாத வண்டியே ஆனாலும், ராமமூர்த்தி நகரிலிருந்து ஜெயநகருக்கு டின் ஃபேக்டரி ஜங்ஷன் நெரிசலில் லாரிக்கும் டெம்போவுக்கும் நடுவே 25 வேகத்தில் ஒரு பெண் தினமும் போவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். தெருமுனை டியூஷனுக்கு, கடைக்கு, மெட்ரோ ஸ்டேஷன் வரைக்கும் என்றால் சரி, சட்டம் கேட்கிறதோ இல்லையோ நல்ல ஹெல்மெட்டோடு.

அப்போ கல்லூரிக்கு எப்படிப் போவது? பென்னிகானஹள்ளி வரை பஸ்ஸிலோ ஷேர் ஆட்டோவிலோ வந்து மெட்ரோவில் பர்ப்பிள் லைன் பிடித்து, மெஜஸ்டிக்கில் கிரீன் லைனுக்கு மாறினால் ஜெயநகர் ஸ்டேஷனிலேயே இறங்கலாம். காலையில் மெஜஸ்டிக்கில் மாறுகிற இடம் திருவிழாக் கூட்டமாக இருக்கும், முதல் பெட்டி பெண்களுக்கு என்பதால் அவளுக்குக் கொஞ்சம் பரவாயில்லை. மெட்ரோவின் குறை பணம்தான். 2025 பிப்ரவரியில் கட்டணத்தை உயர்த்தி குறைந்தது 10, அதிகபட்சம் 90 ரூபாய் என்று வைத்தார்கள், இந்தத் தூரத்துக்கு ஒரு பக்கம் 60, 70 ஆகிவிடும், மாணவர்களுக்கென்று தனிச் சலுகையும் இல்லை. ஸ்மார்ட் கார்டில் 5 சதவீதம் குறையும், கூட்டமில்லாத நேரத்தில் இன்னொரு 5. அப்படியும் மாதம் 3,000 ரூபாயை ஒட்டி வரும்.

பஸ் என்றால் கதையே வேறு. 2023 ஜூன் 11-லிருந்து சக்தி திட்டத்தில் பிஎம்டிசியின் (பெங்களூரு நகர பஸ் கழகம்) ஏசி இல்லாத சாதாரண பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, ஆனால் கர்நாடக முகவரி உள்ள அடையாள அட்டை வேண்டும். உங்கள் வீட்டில் ஆதார் எல்லாம் இன்னும் தருமபுரி முகவரியில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன், நம் ஆட்கள் பாதிப் பேர் அப்படித்தான், அல்சூரிலும் விவேக் நகரிலும் வருடக்கணக்காக இருந்துகொண்டு கண்டக்டரிடம் காசு கொடுத்து டிக்கெட் வாங்குவார்கள். குடும்பத் தலைவர் ஆதாரில் முகவரியை மாற்றினால், அவர் ஒப்புதலோடு பிள்ளையின் ஆதாரிலும் ஆன்லைனில் மாற்றிக்கொள்ளலாம். ஊரில் ரேஷன் கார்டு விவகாரம் ஏதாவது இருந்தால் யோசித்துவிட்டு மாற்றுங்கள். மாற்ற விருப்பமில்லை என்றால் பிஎம்டிசி மாணவர் பாஸ் இருக்கிறது, சேவா சிந்து தளத்தில் விண்ணப்பித்து பெங்களூரு ஒன் மையத்தில் வாங்கலாம். டின் ஃபேக்டரியிலிருந்து அவுட்டர் ரிங் ரோட்டில் 500 சீரிஸ் பஸ்ஸில் சில்க் போர்டு வந்து, அங்கிருந்து 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் லைன் மெட்ரோவில், ஜெயநகருக்கு அடுத்த ஸ்டேஷனான ஆர்வி ரோடு போகிற வழியும் உண்டு, மெட்ரோ செலவு பாதிக்கும் கீழே வந்துவிடும். நேரம்தான் ரிங் ரோடு வைத்தபடி. என்னைக் கேட்டால் காலையில் மெட்ரோ, சாயங்காலம் பஸ். காலையில்தான் முதல் பீரியட் தவறிவிடும் என்ற பதற்றம்.

18 முடிந்ததும் தள்ளிப் போடாமல் பரிவாகன் தளத்தில் எல்எல்ஆருக்கு விண்ணப்பியுங்கள், கர்நாடக முகவரிச் சான்று இருந்தால் வேலை சுலபம், இங்கேயும் அந்த ஆதார்தான் கைகொடுக்கும். எல்எல்ஆர் 6 மாதம் செல்லும், எடுத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட்டுக்குப் போகலாம், அதுவரை எல் போர்டு மாட்டி, லைசென்ஸ் உள்ள ஒருவரைப் பின்னால் உட்காரவைத்துத்தான் ஓட்டவேண்டும். தோழியை ஏற்றிக்கொண்டு போகக் கூடாது. மத்திய விதிப்படி ஒரு வகை வண்டிக்கு எல்எல்ஆர் 150, எல்எல்ஆர் தேர்வு 50, ஓட்டும் தேர்வு 300, லைசென்ஸ் 200 ரூபாய், மேலே கொஞ்சம் சேவைக் கட்டணம் சேரலாம். ஏஜென்ட் சொல்லும் தொகையை இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள், சிரிப்பு வரும், கோபமும் வரும். ஆக்டிவாவிலேயே டெஸ்ட் கொடுத்தால் கியர் இல்லாத வண்டிக்கு மட்டும்தான் லைசென்ஸ் வரும். கியர் பைக் பழகி அதில் கொடுத்துவிட்டால் இரண்டுக்கும் ஆயிற்று, காரையும் அதே விண்ணப்பத்தில் சேர்த்துவிடலாம். ஃபெயிலானால் ஏழு நாள் கழித்து மறுபடி போகலாம்.

அந்த டிஎன் 29 வண்டியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் கேட்கவில்லை என்றாலும். வேறு மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடகப் பதிவுக்கு மாற்றவேண்டும். தருமபுரி ஆர்டிஓவில் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி, உங்கள் பெயருக்கு மாற்றி, இங்கே வரி கட்டி கேஏ நம்பர் வாங்குங்கள், தம்பியும் நிம்மதியாக இருப்பார். வண்டி சும்மாதான் நிற்கிறது என்று இன்சூரன்ஸும் புகைச் சான்றும் காலாவதி ஆகியிருந்தால், நம்பர் மாற்றும் வேலையைத் தொடங்குவதற்கு முன்னால் அவற்றைப் புதுப்பித்துவிடுங்கள்.