ஆசிட்ல மட்டும் கப்ளிங் வழுக்குதா? என்52க்கு ஓடாதீங்க

கேள்வி: அம்பத்தூர் எஸ்டேட்ல மேக்னெட்டிக் டிரைவ் பம்ப் (மோட்டார் பக்க வெளி மேக்னெட், நடுவுல மூடின ஷெல், அதுக்குள்ள பம்ப் பக்க மேக்னெட், தொடாமலே இழுத்து சுத்தும்) அசெம்பிள் பண்றோம். 3 ஹெச்பி மோட்டார், 2900 ஆர்பிஎம், 8 போல் (காந்த முனை), என்42 கிரேடு நியோடிமியம் மேக்னெட், உள்ள லைனிங். நம்ம ஷெட்ல தண்ணில ஓட்டினா பிரச்னையே இல்ல. மணலியில ஒரு கஸ்டமர்கிட்ட 98% சல்ஃப்யூரிக் ஆசிட், 60 டிகிரி, அங்க போய் கப்ளிங் வழுக்குது, வெளி மேக்னெட் சுத்துது, உள்ளது கூட வரல. இதைவிட பலமான என்52 போட்டா சரியாகுமா? தண்ணில ஷாஃப்ட் பவர் 1.1 கிலோவாட், கப்ளிங் வழுக்காம தாங்குற டார்க் (திருப்பு விசை) 8 நியூட்டன் மீட்டர்.

பதில்: வேணாம் சார், காசும் போகும் பிரச்னையும் போகாது. மொதல்ல கணக்கைப் பாருங்க. 1.1 கிலோவாட், 2900 ஆர்பிஎம்னா பம்புக்கு வேண்டிய டார்க் சுமார் 3.6 நியூட்டன் மீட்டர். ஆனா அந்த ஆசிட் தண்ணியை விட கிட்டத்தட்ட 1.8 மடங்கு கனம், அதே ஃப்ளோ அதே ஹெட்டுக்கு பவரும் அதே மடங்கு ஏறும், அப்போ 6.5, இதுல ஆசிட் கெட்டியா இருக்கிறதுக்கு நான் எதுவும் சேர்க்கவே இல்ல. அந்தப் பக்கம் உங்க 8 நியூட்டன் மீட்டர், ஷெட் சூட்டுல எடுத்த அளவு. நியோடிமியம் ஒரு டிகிரிக்கு சுமார் 0.12% காந்த பலத்தை விடும், டார்க்ல உள் மேக்னெட் வெளி மேக்னெட் ரெண்டும் சேர்ந்து அடிவாங்கும், அதனால மேக்னெட் சூடு 70 டிகிரின்னு வச்சா 8ங்கறது 7.2 ஆயிடும். 6.5க்கும் 7.2க்கும் நடுவுல என்ன மார்ஜின் இருக்கு? டிஓஎல் ஸ்டார்ட்ல (மோட்டாரை நேரா ஃபுல் சப்ளைல கிளப்புறது) மோட்டார் குடுக்கிற உதையையும் கப்ளிங்தான் வாங்கணும். என்னைக் கேட்டா குறைஞ்சது 12 வேணும்.

என்52 போட்டா டார்க் 20-25% ஏறும், 10 கூட வராது. அதோட சாதாரண என்52ங்கறது 80 டிகிரி வரைக்கும்தான், உங்க என்42வும் அதே கதைதான். வழுக்கும்போது எதிர் போல்கள் மாறி மாறி தள்ளும், சூடும் ஏறும், அப்படியே மேக்னெட் நிரந்தரமா வீக் ஆகும். அதனால என்42 எஸ்ஹெச் கேளுங்க, காந்த பலம் அதேதான், 150 டிகிரி தாங்கும். சமேரியம் கோபால்ட் இன்னும் தாங்கும், ஆனா விலை ஜாஸ்தி, சுலபமா உடைஞ்சும் போகும்.

டார்க்கை ஏத்துறதுக்கு நேர் வழி நீளம்தான். மேக்னெட்டை ஒன்றரை மடங்கு நீளமாக்குங்க, டார்க்கும் அவ்வளவு ஏறும், 12 வந்துடும். மேக்னெட் தடிமனைக் கூட்டுறது, ஒரு போலோட அகலத்துல பாதியைத் தாண்டினா வீண், பின்னாடி இருக்கிற இரும்பு ரிங்கும் மெலிசா இருந்தா சாச்சுரேட் ஆகி, அதாவது அதுக்கு மேல காந்தம் ஏத்துக்காம, எல்லாத்தையும் கெடுத்துடும். உள் மேக்னெட்டுக்கும் வெளி மேக்னெட்டுக்கும் நடுவுல இருக்கிற கேப்ல 1 மில்லிமீட்டர் குறைச்சா சராசரி 70 மில்லிமீட்டர் விட்டத்துல சுமார் 12% கிடைக்கும், ஆனா அதுக்காக ஷெல் தடிமனை இழைக்காதீங்க, உள்ள இருக்கிறது ஆசிட்.

புது செட் வந்ததும் இப்படி டெஸ்ட் பண்ணுங்க: உள் ரோட்டாரை வைஸ்ல பூட்டி, வெளி ரோட்டார்ல 30 சென்டிமீட்டர் கம்பி மாட்டி, நுனில ஸ்ப்ரிங் பேலன்ஸ் வச்சு கம்பிக்கு நேர் குறுக்கா மெதுவா இழுங்க. 22.5 டிகிரி திரும்பினதும் உச்சம், அப்புறம் பட்டுன்னு அடுத்த இடத்துல போய் ஒட்டும். உச்சத்துல 4 கிலோவுக்கு மேல காட்டணும். அங்கிருந்து திரும்பி வந்த பழைய செட்டையும் இதேமாதிரி இழுத்துப் பாருங்க, 2.7 கிலோ காட்டலைன்னா ஏற்கனவே போயிடுச்சு.

இன்னொண்ணு, வழுக்கிட்டா மோட்டார் கரண்ட் குறையத்தான் செய்யும், ஓவர்லோடு ரிலேக்கு எதுவுமே தெரியாது, பம்ப் பாட்டுக்கு சூடாயிட்டே இருக்கும். கரண்ட் குறைஞ்சா கட் பண்ற டிரை ரன் ரிலே ஒண்ணு பேனல்ல போடச் சொல்லுங்க. ஓடிட்டு இருக்கும்போது தானா திரும்ப ஒட்டாது, முழுசா நிறுத்திட்டுத்தான் ஸ்டார்ட் பண்ணணும்.